ராணியின் பாட்டு இல்லாத படம்

கழுதை பாடினால் எனக்குப் பிடிக்காது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அதுவும் காலை ஏழரை மணிக்குத் தொப்பி போட்ட கழுதை ஒன்று திரையில் நின்று "நம்பிக்கை வை, நம்பிக்கை வை" என்று பாட, பல் தேய்க்காத வாயோடு என் மகளும் சேர்ந்து பாடினால், யாருக்குத்தான் பிடிக்கும்?

அந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன் என்று எண்ணியதில்லை. மூன்று வருடம், கிட்டத்தட்ட தினமும். வசனம் தலைகீழ் பாடம். எந்தக் காட்சியில் பின்னால் நிற்கும் சேவகனுக்கு ஒரு விரல் வரைய மறந்துவிட்டார்கள் என்பது வரைக்கும் தெரியும்.

கதை ஒன்றும் பெரிதில்லை. ஒரு ராஜ்ஜியத்தில் காற்று வீசுவது நின்றுவிடுகிறது. காற்றாலைகள் சுற்றவில்லை, ஜனங்கள் பட்டினி. ராணி காற்றைத் தேடிப் படகேறிப் போகிறாள். காற்றே இல்லாத ஊரில் பாய்மரப் படகு எப்படி நகர்ந்தது என்று கேட்கக் கூடாது. கேட்டேன், என் அக்கா முறைத்தாள். குட்டி இளவரசி வளர்கிறாள். கூடவே அந்தக் கழுதை. பட்டம் விடுவதைத் தவிர வேறு வேலை தெரியாத ஓர் அசட்டு இளவரசன். ஒன்பது பாட்டு. கடைசியில் காற்று வீசுகிறது, கல்யாணம், சுபம்.

இது நான் நான்காம் வகுப்பு படிக்கும்போது வந்த படம். அன்றைக்கே எனக்குப் பிடிக்கவில்லை. என் மனைவி வேறோர் ஊரில் அதே வருடம் பார்த்து, ஒன்பது பாட்டையும் மனப்பாடம் செய்திருந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் எங்களுக்குள் வந்த முதல் சண்டையே இந்தக் கழுதையால்தான். சில வருடங்களுக்கு ஒருமுறை "திரையில் பார்க்க இதுவே கடைசி வாய்ப்பு" என்று விளம்பரம் செய்து மறுபடி வெளியிடுவார்கள். எனக்குத் தெரிந்து கடைசி வாய்ப்பு இதுவரை ஆறு தடவை வந்துவிட்டது. அந்த இளவரசி பள்ளிக்கூடப் பையில் இருக்கிறாள், குடையில் இருக்கிறாள், என் வீட்டுப் பல் துலக்கியின் கைப்பிடியிலும் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். முப்பது வருடமாக ஒரு பொம்மைப் படம் எப்படி ஓடுகிறது என்று பெரியவர்கள் பத்திரிகையில் எழுதுகிறார்கள். பாட்டு என்கிறார் ஒருவர், வண்ணம் என்கிறார் இன்னொருவர். என்னிடமும் ஒரு விளக்கம் இருந்தது. அது எவ்வளவு தப்பு என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

என் தொழில் கல்யாண வீடியோ எடிட்டிங். வீட்டின் முன்னறையில் இரண்டு மானிட்டர், ஒரு ஹெட்போன், அடுக்கடுக்காக ஹார்ட் டிஸ்க். பதினொரு மணி நேரக் காட்சியைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். நான் இரண்டு மணி நேரமாக்கிக் கொடுப்பேன். வாயைப் பிளந்து தூங்கும் சித்தப்பாவை வெட்டுவேன். போட்டோவில் யார் முன்னால் நிற்பது என்ற சண்டையை வெட்டுவேன். பெண்ணின் அம்மா அழுவதில் எட்டு வினாடி மட்டும் வைத்துக்கொள்வேன், அதற்கு மேல் போனால் பார்ப்பவர்களுக்குச் சங்கடம். ஒட்டுப் போட்ட இடம் தெரியாமல் வெட்டுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஜென்மப் பகையாளிகளான இரண்டு சம்பந்திகள் என் வீடியோவில் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள். உண்மையில் ஒருவர் சிரித்தது கேமராக்காரனைப் பார்த்து, மற்றவர் சிரித்தது சாப்பாட்டைப் பார்த்து.

மகளுக்கு நான்கு வயதாகும்போது என் மனைவி வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ் வேலைக்குப் போனாள். இரண்டு வருட ஒப்பந்தம், பிறகு இன்னொரு வருடம் நீண்டது. நர்ஸ்கள் தங்கும் விடுதியில் குடும்பத்துக்கு இடமில்லை. அவள் போன இரண்டாவது வாரம், வீட்டோடு வந்து உதவியாக இருந்த என் அக்காதான் யோசனை சொன்னாள். "பிள்ள மூஞ்சியே சரியில்லடா. ஏதாவது பொம்மப் படம் போட்டு விடு."

வீட்டில் இருந்தது இந்தப் படம்தான். மனைவி ஆசையாக வாங்கி வைத்தது. போட்டேன்.

இருபத்திரண்டாவது நிமிடத்தில் ராணி திரும்பி வருகிறாள். காற்றை ஒரு சின்னப் பெட்டியில் அடைத்துக் கொண்டுவருகிறாள், ஆனால் உடம்பு முடியவில்லை. படுத்தபடியே மகளுக்கு ஒரு தாலாட்டுப் பாடுகிறாள். பாட்டு முடியும்போது அவள் கை கட்டிலிலிருந்து சரிந்து தொங்குகிறது. என் மகள் அதுவரை அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு "அம்மா" என்று ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள், அக்கா அடுக்களையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள். குழந்தை அழுது அழுது வாந்தி எடுத்தது. சாயந்திரம் வரைக்கும் என் சட்டையை விடவில்லை.

மறுநாளே அரைகுறையாகக் கிடந்த ஒரு கல்யாணத்தைத் தள்ளி வைத்துவிட்டு ராணியின் மேல் கை வைத்தேன். அவள் திரும்பி வருவதிலிருந்து கை தொங்குவது வரை நான்கு நிமிடம் பத்து வினாடி, காலி. இப்போது ராணி படகிலிருந்து கையசைக்கிறாள், கடல் சத்தம், அடுத்த காட்சியில் இளவரசி வளர்ந்து சந்தையில் பாடிக்கொண்டிருக்கிறாள். கடல் சத்தத்தை மூன்று வினாடி இழுத்துச் சந்தை இரைச்சலில் கரைத்தேன். பிறகு இளவரசி ராணியின் படத்துக்கு முன்னால் நின்று பேசும் காட்சி, காலி. கல்லறையில் பூ வைப்பது, காலி. கடைசிப் பாட்டில் காற்று வீசும்போது அதற்குள்ளிருந்து ராணியின் குரல் வரும். அதையும் எடுத்துவிட்டேன். படம் எடுத்தவனே வந்து பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

குழந்தை அன்றைக்கு அழவில்லை. மறுநாள் "அதே படம்" என்று கேட்டாள். அதற்கு மறுநாளும் கேட்டாள். என் விளக்கம் இங்கேதான் பிறந்தது. முப்பது வருடமாகப் படத்தில் ஒரு குறை இருந்தது, நான் அதைச் சரிசெய்துவிட்டேன். என் மகள் பார்த்தது நல்ல பதிப்பு, அதனால் விடமாட்டேன் என்கிறாள். கழுதையைப் பொறுத்துக்கொள்ள அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் உதவியது.

போனில் மனைவியிடம் பேசும்போதும் என் தொழில் கைவிடவில்லை. ஜுரத்தை வெட்டினேன். மாடிப்படியில் விழுந்து நெற்றியில் தையல் போட்டதை வெட்டினேன். பள்ளிக்கூடத்தில் யாரோடும் சேர்வதில்லை என்று டீச்சர் சொன்னதை வெட்டினேன். "எல்லாம் நல்லா இருக்கா?" என்பாள். "நல்லா இருக்கு" என்பேன். அந்தப் பக்கம் அவள் எதையெல்லாம் வெட்டினாளோ.

இந்தத் தடவை பன்னிரண்டு நாள் லீவில் வந்தாள். வாசலில் பெட்டியோடு நின்றவளை என் மகள் பார்த்தாள். நல்ல பிள்ளையாக, "வாங்கம்மா, உக்காருங்க" என்றாள். போகும்போது அவளை "நீ" என்று கூப்பிட்ட குழந்தை. மனைவி சிரித்தாள். பிறகு முகம் கழுவப் போனாள். குளியலறையில் குழாய் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் பையில் ஒரு படிவம் இருந்தது. நான்கு பக்கம். இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சம்மதம் என்று கையெழுத்துப் போட வேண்டும். ஒரு வார்டையே அவள் பொறுப்பில் விடுவதாகச் சொல்லியிருந்தார்கள். திரும்பிப் போவதற்குள் பதில் அனுப்ப வேண்டும். சாப்பாட்டு மேஜையில் தண்ணீர் ஜக்குக்கு அடியில் அதை வைத்தாள். முதல் நாள், "என்ன பண்ணலாம்?" என்றாள். "உன் இஷ்டம்" என்றேன். நான்காம் நாள் மறுபடி கேட்டாள். "நீ யோசிச்சு முடிவு பண்ணா சரியாத்தான் இருக்கும்" என்றேன். ஏழாம் நாள் கேட்டபோது, "உன் முன்னேற்றத்துக்கு நான் என்னைக்கும் குறுக்க நிக்க மாட்டேன்" என்று ஒரே போடாகப் போட்டேன். எவ்வளவு பெருந்தன்மை என்று எனக்கே புல்லரித்தது.

அவள் போகக் கூடாது. அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. காலையில் அவள் தலைமுடி ஈரத்தோடு அடுக்களையில் நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் கையிலிருந்த வேலையை மறந்து வாசற்படியிலேயே நின்றுவிடுவேன். ஆனால் பெண்டாட்டியின் காலைக் கட்டிப்போடும் ஆளாக இருக்கக் கூடாது என்று ஒரு வீம்பு. அதனால் அந்த வார்த்தை வாய்வரை வரும், வெட்டிவிடுவேன். அக்கா பார்த்துப் பார்த்துப் பொறுக்க முடியாமல் ஒருநாள் கேட்டே விட்டாள். "வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துடுமாடா?"

"அவ வேல, அவ முடிவு" என்றேன்.

"நல்லா வாழ்வ" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. வியாழக்கிழமை மனைவிக்கு விமானம். படிவம் ஜக்குக்கு அடியிலேயே இருந்தது, ஓரமெல்லாம் ஈரம். மகள் வழக்கம்போல ரிமோட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். "இன்னைக்கு நானும் பாக்குறேன்" என்று மனைவி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். எனக்கு அப்போதுகூட உறைக்கவில்லை. மூன்று வருடத்தில் என் பதிப்பு எனக்கே அசலாகிவிட்டிருந்தது.

முதல் பாட்டுக்கு அவளும் கூடப் பாடினாள். கழுதை வந்ததும் என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். ராணி படகேறினாள். மனைவி கைக்குட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவளுக்கு உயிரான பாட்டு அடுத்தது. பெண் பார்க்கப் போன அன்றே எனக்குப் பாடிக் காட்டியது. ராணி கையசைத்தாள். கடல் சத்தம். சந்தை.

அவள் கைக்குட்டையைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். தான் கண்ணசந்துவிட்டதாக முதலில் நினைத்தாள் என்று பிறகு சொன்னாள். ராணியின் படத்துக்கு முன்னால் இளவரசி நிற்கும் இடம் வர வேண்டிய நேரத்தில் வரவில்லை. கல்லறை வரவில்லை. கடைசிப் பாட்டில் காற்று வீசியது, வெறும் காற்று. அவள் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் சன்னல் திரைச்சீலையைப் பார்த்தேன். கல்யாணம் நடந்து படம் முடியும் தறுவாயில் எழுந்து அடுக்களைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"நீங்கதான் வெட்டுனீங்களா?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது ஆயிரம் தோன்றுகிறது. அப்போது என் வாயில் வந்தது இதுதான். "ஏன், ஒட்டு தெரிஞ்சுதா?"

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "தெரியல. அதான் பயமா இருக்கு. அந்த அம்மா இருந்த இடமே தெரியல."

"பிள்ள அழுது வாந்தி எடுத்துச்சு. அத உனக்குச் சொன்னா நீ அங்க தவிப்பேன்னுதான்..."

"அழட்டுமே. அம்மா இல்லன்னா பிள்ள அழும். நீங்க என்ன பண்ணியிருக்கீங்க தெரியுமா? அம்மா கையாட்டிட்டுப் போறா. அந்தப் பொண்ணு பாட்டுக்கு வளருது, பாடுது, கல்யாணம் பண்ணிக்குது. ஒருத்தர் வாயில கூட அம்மா பேரு வரல. செத்தாலாவது அவளுக்கு ஒரு பாட்டு இருந்துச்சுங்க. நீங்க அதையும் எடுத்துட்டீங்க."

"நான் உன்ன நெனச்சு வெட்டல."

"அதுதான் நானும் சொல்றேன்" என்றாள். "மூணு தடவ கேட்டேன், போகட்டுமான்னு. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ வேணாம்னு சொல்லியிருக்கலாம். அப்புறம் நான் போறேனா இல்லையாங்கிறது வேற. உன் இஷ்டம், உன் இஷ்டம்னா, இந்த வீட்டுல எனக்கு என்ன வேல? நானும் கையாட்டிட்டுப் போயிடுறேன்."

அவள் விறுவிறுவென்று மேஜைக்குப் போய் ஜக்கைத் தூக்கிப் படிவத்தை எடுத்தாள். பேனா முன்னறையில் என் மேஜையில் இருந்தது. அதை எடுக்கப் போகும் வழியில்தான் கூடம். கூடத்தில் நின்றுவிட்டாள்.

படம் முடிந்து பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. கறுப்புத் திரையில் பொடி எழுத்து, கீழிருந்து மேலே, முடிவில்லாமல். எங்கள் மகள் இரண்டு முழங்காலையும் கட்டிக்கொண்டு அதை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். மனைவி ரிமோட்டை எடுத்தாள்.

"அம்மா, ஆஃப் பண்ணாதீங்க."

"படம் முடிஞ்சிருச்சேடா. இதுல என்ன இருக்கு?"

"ராணி வரணும்."

மனைவி படிவத்தோடு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "ராணி எங்க போயிருக்காங்க?"

"வேலைக்கு." இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி சொன்னாள்.

"எப்ப வருவாங்க?"

"படம் முடிஞ்சப்புறம். படத்துல எங்கயும் வரல இல்ல? அப்ப அதுக்கப்புறம்தான் வரணும்."

"நீதான் தினமும் பாக்குறியே. வந்தாங்களா?"

"எனக்கு எப்படித் தெரியும்? பேரு போட ஆரம்பிச்ச உடனே அப்பா ஆஃப் பண்ணிடுறாரு." குழந்தை குரலில் புகார் எதுவும் இல்லை. "அதான் மறுபடியும் போடச் சொல்றேன். இன்னைக்கு அப்பா மறந்துட்டாரு."

பத்திரிகையில் எழுதும் பெரியவர்களே, பாட்டு இல்லை. வண்ணமும் இல்லை. என் எடிட்டிங்கும் இல்லை. மூன்று வருடமாக ஓர் ஏழு வயதுக் குழந்தை ஒவ்வொரு நாளும் கழுதையையும் இளவரசனையும் மிச்சமிருந்த எட்டுப் பாட்டையும் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது, கடைசியில் ஒரு பெண் வீடு திரும்புவதைப் பார்க்க. நான் ஒவ்வொரு நாளும், "அப்பாடா, ஒழிஞ்சுது" என்று அவள் வரப்போகும் நேரத்தில் டிவியை அணைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு அணைக்கவில்லை. மூன்று பேரும் பார்த்தோம். வரைந்தவர்கள், வண்ணம் தீட்டியவர்கள், வாத்தியம் வாசித்தவர்கள், அவர்களுக்குச் சாப்பாடு போட்டவர்கள். நூற்றுக்கணக்கான பெயர்கள் போயின. எனக்கு என்ன பைத்தியமோ, நான் வெட்டாமல் விட்ட ஏதாவது ஒரு துண்டு கடைசியில் இருக்கக் கூடாதா, அந்த ராணி ஒரு வினாடியாவது எட்டிப் பார்க்கக் கூடாதா என்று வேண்டிக்கொண்டேன். கடைசிப் பெயரும் போனது. திரை கறுப்பாக நின்றது.

மகள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு காலை நீட்டினாள்.

"இன்னைக்கும் வேல போல" என்றாள். அழவில்லை. அம்மா பக்கம் திரும்பி, "நீங்க எப்பம்மா போறீங்க?" என்று கேட்டாள்.

"வியாழக்கிழமை."

"அப்ப வெள்ளிக்கிழமையில இருந்து போடுப்பா. நீங்க இருக்கும்போது வேண்டாம்மா, உங்களுக்கு போர் அடிக்கும்." எழுந்து, கலைந்திருந்த பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு, அக்காவைத் தேடி உள்ளே போய்விட்டாள்.

படிவம் மனைவியின் மடியில் கிடந்தது. நான் எத்தனையோ பெண்களின் அம்மாக்கள் அழுவதை எட்டு வினாடியில் நறுக்கியவன். இவள் சத்தமே இல்லாமல் அழுதாள், நான் பார்த்துக்கொண்டே நின்றேன், எங்கே நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.

"போகாத" என்றேன்.

அவள் நிமிர்ந்தாள். "என்னது?"

"போகாத. எனக்கு வேணாம். நீ அந்த வார்டுக்கு வேணும்னு எனக்குத் தெரியும். உனக்கு அது பிடிச்சிருக்குன்னும் தெரியும். இருந்தாலும் போகாத."

"அவளுக்காகச் சொல்றீங்களா?"

அப்படிச் சொல்லிவிடுவது சுலபமாக இருந்திருக்கும். குழந்தைக்காக என்றால் எவ்வளவு கௌரவம்.

"அவளுக்குப் படம் இருக்கு. தினமும் போட்டுப் பாத்து, நீ வருவேன்னு உக்காந்திருப்பா. எனக்குத்தான் ஒண்ணும் இல்ல."

இதைச் சொன்னபோது என் குரல் கழுதை பாடியதைவிடக் கேவலமாக இருந்தது. அவள் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். படிவத்தை எடுத்துப் பிரித்து, கடைசிப் பக்கத்தில் இருந்த பொடி எழுத்துகளை நர்ஸ் மருந்துச் சீட்டைப் படிக்கிற மாதிரி நிதானமாகப் படித்தாள்.

"வேணாம்னு எழுதிக் குடுத்தாலும் மூணு மாசம் வேல பாத்துட்டுதான் வர முடியும்" என்றாள். "அதுவரைக்கும் தாங்குவீங்களா?"

"மாட்டேன்."

"நானும்தான்" என்று சொல்லிவிட்டு, பேனா கொண்டுவரச் சொன்னாள்.